கடைசி ஐம்பது அடிக்கான காற்று

பழைய டிராக்டர்களை இழுவைப் போட்டிக்குக் கொண்டுவருகிறவர்கள் பொதுவாகத் தாராளமான மனிதர்கள். கார்புரேட்டரில் எந்த ஜெட் போட்டிருக்கிறார்கள், தீப்பொறி எத்தனை டிகிரி முன்னதாக விழுகிறது, முன்னால் எவ்வளவு இரும்பு தொங்குகிறது என்று எதைக் கேட்டாலும் கைவேலையை நிறுத்திவிட்டுச் சொல்வார்கள். சிலர் கழற்றியே காட்டுவார்கள். பின்சக்கரத்தில் எவ்வளவு காற்று என்று கேட்டால் மட்டும் வானத்தைப் பார்ப்பார்கள். "போதுமான அளவு" என்பார் ஒருவர். "நேற்றைவிடக் கொஞ்சம் குறைவு" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் ஓர் எண்ணைச் சொல்வார்; அவர் நகர்ந்ததும் பக்கத்தில் நிற்பவர் அதை நம்ப வேண்டாம் என்று தலையசைப்பார்.

இல்லினாய்ஸ் மாநிலத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த பண்ணையின் பெரியவரிடம் ஃபார்மால் எம் என்ற பழைய டிராக்டர் ஒன்று இருக்கிறது. கோடையில் அவர் அதைப் போட்டிகளுக்குக் கொண்டுபோகும்போது காற்றழுத்தத்தை அளக்கும் கேஜும் சாக்பீஸும் தூக்கிக்கொண்டு பின்னால் போவது என் வேலை. அப்படிப் போய் வந்ததில் எனக்கு ஏற்பட்ட கருத்து இதுதான்: அந்த எண்ணை யாரும் ஒளித்துவைக்க வேண்டியதில்லை. சொன்னாலும் கேட்டவருக்குப் பயன்படாது. அந்த எண் அந்த டயருக்கும் அந்த ரிம்முக்கும் அன்றைய எடைக்கும் அந்த மண்ணுக்கும் உரியது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதை அளந்த கேஜுக்கு உரியது.

விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்காகச் சில வார்த்தைகள். டிராக்டரின் பின்கொக்கியில் ஸ்லெட் எனப்படும் ஒரு பெரிய வண்டியை மாட்டுவார்கள். அதன் பின்பக்கம் சக்கரங்கள். முன்பக்கம் தரையோடு உரசும் தட்டையான இரும்புப் பலகை. மேலே தண்டவாளம் போன்ற சட்டத்தில் எடை நிறைந்த பெட்டி. கிளம்பும்போது பெட்டி பின்சக்கரங்களின் மேல் இருக்கும், ஆகவே வண்டி இலகுவாக உருளும். வண்டி நகர நகர, அதன் சக்கரங்களே சங்கிலி வழியாகப் பெட்டியை முன்னால் இழுத்து இரும்புப் பலகையின் மேல் கொண்டுவந்துவிடும். போகப் போகச் சுமை கூடும். 300 அடி, அதாவது ஏறக்குறைய 91 மீட்டர், இழுத்துவிட்டால் முழு இழுவை. பெரும்பாலான டிராக்டர்கள் அதற்கு முன்பே எங்காவது நின்றுவிடும். நின்ற இடத்துக்கு நாடா பிடித்து அளப்பார்கள்.

இந்த இயந்திர ஸ்லெட் வருவதற்கு முன்னால் மனிதர்களே எடையாக இருந்தார்கள். பாதையோரம் இடைவெளி விட்டு நிற்பார்கள். பலகை தங்களைக் கடக்கும்போது ஒவ்வொருவராக ஏறி நிற்பார்கள். ஓடும் பலகையில் ஏறுவது எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கும் முன்னால் குதிரைகள் கற்பலகை இழுத்தன. டிராக்டர்களை வைத்து நடந்த முதல் போட்டிகளாக 1929இல் மிசௌரியின் பௌலிங் கிரீனிலும் ஒஹாயோவின் வான்ஸ்வில்லிலும் நடந்தவற்றைச் சொல்வார்கள். 1969இல் தேசிய டிராக்டர் இழுப்போர் சங்கம் உருவாகி, மாநிலத்துக்கு ஒன்றாக இருந்த விதிகளை ஒழுங்குபடுத்தியது. அந்தப் பக்கம் போன கிளைதான் இன்று லூயிவில்லின் உள்ளரங்கிலும் ஒஹாயோவின் பௌலிங் கிரீனிலும் புகை கக்கும் ஆயிரக்கணக்கான குதிரைத்திறன் அரக்கர்கள். நான் சொல்லப்போவது அவற்றைப் பற்றியல்ல. பாட்டன் வயலில் உழுத அதே இயந்திரத்தை, ஏறக்குறைய அதே நிலையில், நடக்கிற வேகத்தில் இழுக்கவிடும் பழைய டிராக்டர் பிரிவைப் பற்றி. பல சங்கங்கள் இந்தப் பிரிவில் வேகத்துக்கே வரம்பு வைத்திருக்கின்றன. பார்வையாளர் மேடையில் பாதி காலியாகத்தான் இருக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

மெதுவாக இழுக்கும் இந்தப் பிரிவில் டயர் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு குதிரைத்திறன் என்பது மணிக்கு ஒரு மைல் வேகத்தில் 375 பவுண்டு விசையோடு இழுப்பது. கொக்கியில் 30 குதிரைத்திறன் தரக்கூடிய டிராக்டர், முதல் கியரில் மணிக்கு இரண்டரை மைல் வேகத்தில் போனால், அதனிடம் 4,500 பவுண்டு இழுவிசை இருக்கிறது. அந்த டிராக்டரின் மொத்த எடையே 5,000 பவுண்டுக்குப் பக்கத்தில்தான். தன் எடைக்குக் கிட்டத்தட்டச் சமமான விசையைத் தாங்கும் பிடிமானத்தை மண் தருவது அரிது. ஆக, தாழ்ந்த கியரில் இன்ஜின் தோற்பதற்கு முன் டயர் தோற்றுவிடுகிறது. உயர்ந்த கியரில் கதை வேறு. அங்கே இன்ஜின் திணறி நிற்கும். ஆனால் பழைய டிராக்டர் போட்டிகளில் நான் பார்த்த தோல்விகளில் பெரும்பகுதி, நின்ற இடத்திலேயே சக்கரம் சுழன்று குழி பறித்த தோல்விகள்தான்.

ரப்பர் டயரும் குறைந்த காற்றும் பிறந்ததிலிருந்தே இரட்டையர். 1930களின் தொடக்கம் வரை டிராக்டர்கள் இரும்புச் சக்கரத்தில் ஓடின. சக்கரத்தின் மேல் பல்போல நீட்டிய இரும்புத் துண்டுகள் வயலில் நன்றாகப் பிடித்தன, சாலையைக் கிழித்தன, ஓட்டுபவரின் முதுகெலும்பை உலுக்கின. அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனத்தின் டிராக்டர் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஹாரி மெரிட், ஃபயர்ஸ்டோன் நிறுவனத்தோடு சேர்ந்து 1932இல் விஸ்கான்சின் மாநிலத்தின் வாக்கேஷா அருகே ஒரு பால்பண்ணையில் ஒரு சோதனை செய்தார். மாடல் யூ டிராக்டரில் விமான டயர்களை மாட்டினார்கள். இறுக்கமாகக் காற்றடித்தபோது பிடிப்பு போதவில்லை. பன்னிரண்டு, பதினைந்து பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு) அளவுக்கு இறக்கிய பிறகுதான் டயர் மண்ணில் அமர்ந்து இழுத்தது. விவசாயிகள் உடனே நம்பிவிடவில்லை. அவர்களை மயக்க, கார் பந்தய வீரர் பார்னி ஓல்டுஃபீல்டை அழைத்துவந்து 1933இல் டல்லாஸில் அதே மாடல் யூவை மணிக்கு 64.28 மைல் வேகத்தில் ஓட்ட வைத்தார்கள். உழவுக்கு அந்த வேகம் எதற்கு என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இரண்டாம் உலகப் போரில் ரப்பர் தட்டுப்பாடு வந்து சில புது டிராக்டர்கள் மறுபடி இரும்புச் சக்கரத்தோடு வெளிவந்ததும் உண்டு. தஞ்சைப் பக்கம் சேற்றுழவுக்கு இன்றும் டயரை ஒட்டிக் கூண்டு போன்ற இரும்புக் கேஜ் வீல் மாட்டிவிடுகிறார்கள். அங்கே காற்றின் அளவைப் பற்றி யாரும் மண்டையை உடைத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

காற்றைக் குறைத்தால் பிடிப்பு ஏன் கூடுகிறது? டயர் தரையைத் தொடும் பரப்பு, தோராயமாக, அதன் மேல் உள்ள எடையைக் காற்றழுத்தத்தால் வகுத்த அளவு. ஒரு டயரின் மேல் 1,800 பவுண்டு இருந்து உள்ளே 12 பி.எஸ்.ஐ. இருந்தால் 150 சதுர அங்குலம். காற்றை 9க்கு இறக்கினால் 200. மண் என்பது கான்கிரீட் அல்ல. அதன் பிடிமானத்தில் ஒரு பங்கு உரசலால் வருகிறது, இன்னொரு பங்கு டயரின் பட்டன்கள், அதாவது மேலே சாய்வாக எழுந்து நிற்கும் ரப்பர் முகடுகள், தமக்கு இடையே பிடித்துவைக்கும் மண்ணின் வலிமையால் வருகிறது. பரப்பு கூடினால் ஒரே நேரத்தில் கூடுதல் பட்டன்கள் மண்ணுக்குள் இருக்கும், கூடுதல் மண் வெட்டுப்பட்டால்தான் சக்கரம் வழுக்கும்.

இந்தக் கணக்கில் 'தோராயமாக' என்ற சொல்லை மறந்துவிடக்கூடாது. டயர் பலூன் அல்ல. அதன் பக்கச்சுவரே எடையில் ஒரு பகுதியைச் சுமக்கிறது. பழைய டிராக்டர்களில் பெரும்பாலும் இருப்பவை, நூலிழைகள் குறுக்கும் மறுக்குமாகச் சாய்ந்து ஓடும் பயாஸ் டயர்கள், இழைகள் நேர்க்குறுக்காக ஓடும் ரேடியலைவிட விறைப்பானவை. சில சங்கங்கள் பழைய பிரிவுகளில் ரேடியலை அனுமதிப்பதே இல்லை. அந்த பயாஸ் டயரும் நாற்பது ஆண்டு வெயிலில் கிடந்து இறுகிப்போனதாக இருந்தால் காற்றே இல்லாமல் பாதி எடையைத் தாங்கி நிற்கும்போலத் தோன்றும். அதில் 8 பி.எஸ்.ஐ. வைத்தால் கிடைக்கும் தடம், கடையிலிருந்து நேற்று வந்த மென்மையான டயரில் 11 வைத்தாலும் கிடைக்கலாம். ரிம்மின் அகலமும் அப்படித்தான். குறுகிய ரிம்மில் டயரின் முகம் வட்டமாகக் குவிந்துவிடும், ஓரத்துப் பட்டன்களைத் தரைக்குக் கொண்டுவர இன்னும் காற்றை இறக்க வேண்டும். அகன்ற ரிம்மில் முகம் தானாகவே தட்டையாகும். அடுத்தவர் சொல்லும் எண் பயன்படாது என்று நான் சொல்வதற்கு இவை போதும்.

எடை மேடையில் நிற்கும்போது பார்த்துக் காற்றை முடிவு செய்வது பலருடைய பழக்கம். தடம் அழகாக இருக்கிறது, எல்லாப் பட்டனும் தரையைத் தொடுகிறது, சரி. ஆனால் அந்த டிராக்டர் 250 அடியைத் தாண்டியபின் அதே டிராக்டர் அல்ல.

கொக்கியின் உயரம் பல விதிப்புத்தகங்களில் அதிகபட்சம் 20 அங்குலம். முன், பின் அச்சுகளுக்கு இடையே 88 அங்குலம் உள்ள டிராக்டர், 4,000 பவுண்டு விசையோடு இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 4,000ஐ 20ஆல் பெருக்கி 88ஆல் வகுத்தால் 909. அத்தனை பவுண்டு எடை முன்சக்கரங்களை விட்டுப் பின்சக்கரங்களுக்கு வந்துவிடுகிறது. மொத்தம் 5,500 பவுண்டு உள்ள டிராக்டரில் நிற்கும்போது பின்னால் 3,600, முன்னால் 1,900 இருந்தால், இழுவையின் உச்சத்தில் பின்னால் 4,500 தாண்டும். ஒவ்வொரு பின்டயரும் 1,800 பவுண்டிலிருந்து 2,250 பவுண்டுக்குப் போகிறது. 12 பி.எஸ்.ஐ.யில் 150 சதுர அங்குலமாக இருந்த தடம் 188ஐத் தொடுகிறது. கால் பங்கு அதிகம். போதாததற்கு, அச்சு தரும் முறுக்குவிசை முழுவதும் பக்கச்சுவர் வழியாகத்தான் தரைக்குப் போக வேண்டும். ஆகவே அந்தக் கடைசி ஐம்பது அடியில் டயர் நசுங்குவதோடு முறுக்கவும்படுகிறது. எடை மேடையில் சரியாக இருந்த டயர் அங்கே தொய்ந்து, நடுப்பகுதி தரையிலிருந்து மேல்நோக்கி வளைந்து, ஓரப் பட்டன்கள் மட்டும் வேலை செய்யும் நிலைக்கு வந்துவிடும். குறைந்த காற்று நல்லது என்று கேள்விப்பட்டுக் குறைத்துக்கொண்டே போகிறவர்கள் விழும் குழி இதுதான். பரப்பு கூடும் என்ற கணக்கு ஓர் எல்லை வரைதான் செல்லும். அதற்குமேல் டயர் மடங்கத் தொடங்கிவிடும்.

ஆகவே காற்றைக் கடைசி ஐம்பது அடிக்காக வைக்க வேண்டும் என்பது என் கட்சி. கிளம்பும் இடத்தில் எந்த டயரும் பிடிக்கும். அங்கே சுமையே இல்லை. நிற்கும்போது கொஞ்சம் விறைப்பாக, நடுப்பகுதி சற்றே அழுத்தமாகத் தெரியும் டயர், உச்ச இழுவையில் நேராகப் படியும். எங்கள் பெரியவர் இதை ஒப்புக்கொள்வதில்லை. கிளம்பும்போதே பிடிப்பு இல்லாவிட்டால் வேகம் கூடாது, வேகம் இல்லாவிட்டால் கடைசி ஐம்பது அடியே வராது என்பது அவர் வாதம். கியரும் வேகமும் அனுமதிக்கிற இடத்தில் அவர் சொல்வதில் நியாயம் உண்டு. வேக வரம்பு உள்ள போட்டிகளில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

மிகக் குறைந்த காற்றின் வேறொரு ஆபத்து ரிம்மில் இருக்கிறது. டயரின் விளிம்பை ரிம்மோடு அழுத்திப் பிடித்திருப்பது காற்றுதான். அது தளர்ந்தால் ரிம் உள்ளே சுழலும், டயர் நிற்கும். உள்ளே டியூப் இருந்தால் அதுவும் டயரோடு சேர்ந்து இழுபட்டு வால்வைப் பிய்த்துக்கொண்டு போகும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. இழுவைக்கு முன் ரிம்மிலிருந்து டயரின் பக்கச்சுவர் வரை ஒரே நேர்கோடாகச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைக்க வேண்டும். திரும்பி வந்ததும் கோடு இரண்டாக உடைந்து விலகியிருந்தால் காற்று போதவில்லை, விவாதமே தேவையில்லை. விளிம்பு முழுதாகக் கழன்ற டயருக்கு மறுபடி காற்றடிக்கும்போது 35 பி.எஸ்.ஐ.யைத் தாண்டக்கூடாது என்று டயர் தயாரிப்பாளர்கள் எச்சரிப்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். விளிம்பு உட்காரவில்லையென்றால் காற்றை இறக்கிவிட்டு, சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி தொடங்க வேண்டும். அவசரப்பட்டு ஏற்றுகிறவர்களின் கையையும் முகத்தையும் அது பதம் பார்த்திருக்கிறது.

சரி, மண்ணுக்கு வருவோம். கடினமான பாதைக்குக் காற்றைக் கூட்ட வேண்டுமா குறைக்க வேண்டுமா? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் பொழுது போய்விடும். இரு தரப்பும் கோப்பைகளைக் காட்டும். நான் பார்த்தவரை இரண்டு பேரும் வெவ்வேறு மண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். உருளை ஓட்டி இறுக்கிய, மேலே தூசிகூட இல்லாத களிமண் பாதையில் பட்டன் உள்ளே இறங்காது. அங்கே பிடிப்பு ரப்பரின் உரசலால் வருவது. எல்லாப் பட்டன்களும் முழு அகலத்துக்கும் தட்டையாகப் படிய வேண்டும், ஆகவே காற்றைக் குறைக்கலாம். ஆனால் மேலே இரண்டு மூன்று அங்குலம் உதிரி மண்ணும் அடியில் கடினமான படுகையும் இருந்தால், அகலமாகப் படியும் டயர் உதிரி மண்ணின் மேலேயே மிதந்து வழுக்கும். அங்கே சற்றுக் கூடுதல் காற்று, ஈர வரப்பில் நடப்பவர் கால்விரலை ஊன்றுவதுபோல, டயரைக் குறுக்கி உதிரி மண்ணைத் துளைத்து அடிப்படுகையைத் தொட வைக்கும். ஆழமான, ஈரமான, ஒரே சீரான மண் என்றால் மறுபடி அகலம் வேண்டும். பாதையைப் பார்த்தால் மட்டும் போதாது. குதிகாலால் கிளறிப் பார்க்க வேண்டும். போட்டி தொடங்குவதற்கு முன் பாதையில் நடந்து செல்கிற கிழவர்களெல்லாம் உலாவப் போவதில்லை.

அதே பாதை நாள் முழுவதும் ஒன்றாகவும் இருக்காது. முதலில் இழுப்பவர் உதிரி மண்ணைத் தள்ளிவிட்டுப் போகிறார். பத்தாவது ஆள் வரும்போது நடுவில் ஒரு பளபளப்பான பட்டை விழுந்திருக்கும். ஓரமாகப் போனால் புது மண். காற்றைப் பத்து நிமிடத்துக்கு முன் முடிவு செய்துவிட்டு, பாதையின் நடுவிலா ஓரத்திலா ஓட்டுவது என்பதைக் கடைசி நொடியில் மாற்றினால் இரண்டும் பொருந்தாமல் போகும்.

இழுவை முடிந்தபின் ஓட்டுநர்கள் நேராக நாடாவைப் பிடித்திருப்பவரைத்தான் பார்ப்பார்கள். எனக்குக் கண் தரையில் இருக்கும். ஸ்லெட் தடத்தை மூடிவிடும் என்று நினைக்க வேண்டாம். டயருக்கும் ஸ்லெட்டின் பலகைக்கும் இடையே சங்கிலி நீளத்துக்குத் தடம் கிடக்கும், டிராக்டர் நின்ற இடத்தில் அது தெளிவாகவே இருக்கும். பட்டன் பதிந்த பள்ளத்தின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல நின்றால் பிடித்திருக்கிறது. விளிம்பு மழுங்கி மண் பின்னால் வழித்துவிடப்பட்டிருந்தால் வழுக்கியிருக்கிறது. நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மேலோட்டமாகவும் இருந்தால் காற்று அதிகம். ஓரம் ஆழம், நடு வெளிறல் என்றால் குறைவு. இந்தத் தடம் எடை மேடையில் கிடைக்காது. உச்ச இழுவையில் டயர் எப்படி இருந்தது என்பதை அது மட்டுமே சொல்லும்.

இதற்குத் துணையாக ஒரு கணக்கு. டயரின் பக்கச்சுவரில் பெரிதாக ஒரு வெள்ளைக் கோடு போட்டுவிட்டு, இழுவை முழுவதையும் பக்கவாட்டிலிருந்து கைப்பேசியில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். 38 அங்குல ரிம் உள்ள நடுத்தர டயர் ஒரு சுற்றில் ஏறக்குறைய 15 அடி போகும். உங்கள் டயருடையதை, சுமையில்லாமல் பத்துச் சுற்று உருட்டி நீங்களே அளந்துகொள்ளலாம். வழுக்கலே இல்லையென்றால் 300 அடிக்கு 20 சுற்று. படத்தில் 24 சுற்று எண்ணினால் வழுக்கல் 17 விழுக்காடு. அதை ஐம்பது ஐம்பது அடியாகப் பிரித்து எண்ணினால் எங்கே தொடங்கியது என்பதும் தெரிந்துவிடும். நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் லிங்கனில் 1920 முதல் டிராக்டர்களைச் சோதித்து வருகிறது. அங்கே கான்கிரீட் பாதையில் ரப்பர் டயர்களுக்கு அனுமதிக்கும் வழுக்கல் 15 விழுக்காடு வரைதான். வயலில் உழும்போது 8 முதல் 15 வரை நல்ல அளவு என்பார்கள். போட்டியில் கடைசி அடிகளில் இதைத் தாண்டத்தான் செய்யும். முதல் நூறு அடியிலேயே தாண்டினால் கோளாறு காற்றில் அல்லது எடையில் இருக்கிறது, கடைசியில் மட்டும் தாண்டினால் மண்ணிடம் இருந்ததை எல்லாம் வாங்கிவிட்டீர்கள்.

ஒரு பி.எஸ்.ஐ.க்கு மேல் ஒரே தடவையில் மாற்றுவதும், காற்றை மாற்றும்போதே எடைக்கட்டிகளையும் இடம் மாற்றுவதும் பயனற்றவை; எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது. காற்றை மாற்றினால் கொக்கியின் உயரமும் மாறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. டயர் அமுங்கினால் கொக்கி இறங்கும். மேலே சொன்ன அதே கணக்கில் ஓர் அங்குலம் இறங்கினால் பின்சக்கரத்துக்கு வர வேண்டிய எடையில் 45 பவுண்டு போய்விடுகிறது. மறுபக்கம், 20 அங்குலத்துக்குக் கச்சிதமாக வைத்துவிட்டு அதன்பின் காற்றை ஏற்றினால் விதியை மீறிவிடுவீர்கள். எடை, காற்று, பிறகு கொக்கி. இந்த வரிசை மாறக்கூடாது.

இனி கேஜ். பெட்ரோல் நிலையத்தில் தொங்கும், 160 வரை காட்டும் கேஜை வைத்துக்கொண்டு 9க்கும் 10க்கும் வித்தியாசம் பார்ப்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. முழு அளவில் இரண்டு விழுக்காடு பிழை என்றாலே அது 3 பி.எஸ்.ஐ.க்கு மேல். 15 வரை மட்டும் காட்டும் கேஜில் அதே இரண்டு விழுக்காடு 0.3தான். விலையும் அப்படி ஒன்றும் அதிகமில்லை. உங்கள் கேஜும் என் கேஜும் ஒரே டயரில் ஒரே எண்ணைக் காட்டும் என்று நம்பாதீர்கள். ஒரே கேஜை எப்போதும் வைத்திருப்பதுதான் முக்கியம்; அது பொய் சொன்னாலும் ஒரே மாதிரிப் பொய் சொல்லும்.

வெயிலும் விளையாடும். காலையில் 16 டிகிரி செல்சியஸில் 12 பி.எஸ்.ஐ. வைத்த டயர், பிற்பகலில் 35 டிகிரியைத் தொட்டால் 13.75ஐ நெருங்கிவிடும். கேஜ் காட்டுவதோடு வளிமண்டல அழுத்தம் 14.7ஐயும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்பதால் உயர்வு நாம் நினைப்பதைவிடக் கூடுதல். டிராக்டரை ஒரு பக்கம் வெயில் படும்படி நிறுத்தினால் இடது டயருக்கும் வலது டயருக்கும் வேறுபாடு வந்துவிடும். அது பிடிப்பைவிட நேர்ப்போக்கைக் கெடுக்கும். ஒரு பக்கம் விட்டம் குறைந்தால் டிராக்டர் அந்தப் பக்கம் ஒதுங்கும், பிரேக்கை மிதித்து நேராக்கினால் மிதித்த அளவுக்கு இழுவிசை வீண், மிதிக்காவிட்டால் பாதையின் எல்லைக்கோட்டைத் தாண்டிவிடும். எங்கள் பெரியவர் காத்திருக்கும்போது வெயில் பக்கத்து டயரின் மேல் பழைய கம்பளி ஒன்றைப் போர்த்துவார். மற்றவர்கள் முதலில் சிரித்தார்கள், இப்போது அவர்களில் சிலர் வண்டியில் கம்பளி கொண்டுவருகிறார்கள்.

டயருக்குள் கால்சியம் குளோரைடு கலந்த தண்ணீர் நிரப்பி எடை கூட்டும் பழைய பழக்கமும் இருக்கிறது. உழவுக்கு மலிவான வழி. இழுவைக்கு எனக்குப் பிடிக்காது. முக்கால் பங்கு தண்ணீர் நிறைந்த டயரில் காற்றுக்கு இடம் குறைவு. ஆகவே சற்று அமுங்கினாலே அழுத்தம் சட்டென்று ஏறி டயர் விறைத்துக்கொள்ளும். அளப்பதும் தொல்லை: வால்வு அடியில் இருக்கும்போது அளந்தால் மேலே நிற்கும் திரவத்தின் எடையும் சேர்ந்து ஒன்றரை பி.எஸ்.ஐ. வரை கூடுதலாகக் காட்டும். வால்வை உச்சிக்குக் கொண்டுவந்துதான் அளக்க வேண்டும், அதற்கென்றே சந்தையில் உள்ள, கழுவக்கூடிய கேஜ் வேண்டும். அந்த உப்பு ரிம்மைத் தின்னும் என்பது தனிக்கதை. வார்ப்பிரும்பு எடைகளை வேண்டிய இடத்தில் தொங்கவிடுவது எவ்வளவோ மேல். எடைப் பிரிவு மாறும்போது கழற்றவும் மாட்டவும் முடியும்; ஆனால் ஒரே நாளில் 4,500 பவுண்டுப் பிரிவிலும் 5,500 பவுண்டுப் பிரிவிலும் இழுப்பவர்கள் இடையில் காற்றையும் மாற்ற வேண்டும். எடைக்காக அரைமணி நேரம் உழைத்துவிட்டுக் காற்றைத் தொடாமல் போகிறவர்கள் ஏராளம்.

போட்டி முடிந்ததும் டிரெய்லரில் ஏற்றுவதற்கு முன் காற்றைப் பழைய அளவுக்கு ஏற்றிவிட வேண்டும். தொய்ந்த டயரோடு கட்டினால் சாலைக் குலுக்கலில் டிராக்டர் அமுங்கி எழும், கட்டுச் சங்கிலி தளரும்.

மத்திய மேற்கு மாநிலங்களில் இருக்கும் தமிழர்கள் யாராவது இந்த ஜூலை, ஆகஸ்டில் பக்கத்து மாவட்டச் சந்தைக்குப் போனால், நிகழ்ச்சி நிரலில் பழைய டிராக்டர் இழுவை எந்த நாள் என்று பாருங்கள். பெரும்பாலும் காலையில், கூட்டம் வருவதற்கு முன்பே வைத்துவிடுவார்கள். கிளம்பும் கோட்டருகே நிற்காதீர்கள். வேலியோரமாக 200 அடிக் குறியைத் தாண்டிப் போய் நில்லுங்கள். புகையையும் தூக்கும் முன்சக்கரத்தையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் பின்டயரின் பக்கச்சுவரைப் பாருங்கள்: தரைக்கு மேலே மடிப்பு விழுகிறதா, விழுந்த மடிப்பு ஒரே இடத்தில் நிற்கிறதா, துடிக்கிறதா என்று. துடிக்கத் தொடங்கினால் அந்த வண்டிக்கு இன்னும் சில அடிகள்தான் மிச்சம்.